ஸ்டீவ் அம்மாளின் டைப்ரைட்டர்

1960களில் இங்கிலாந்தில் ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ் என்ற கம்பெனிக்குப் போன் செய்தால், பின்னணியில் டைப்ரைட்டர் சடசடவென்று அடிக்கும் சத்தம் கேட்கும். போன் செய்தவரின் மனக்கண்ணில் ஒரு பெரிய ஆபீஸ் விரியும். வரிசையாக மேஜைகள், வரிசையாக டைப்பிஸ்டுகள், நடுவே கோட்டு போட்ட மேனேஜர், ஓரத்தில் டீ வண்டி. உண்மையில் அங்கே இருந்தது ஒரு வீடு, ஒரு சாப்பாட்டு மேஜை, ஒரு கைக்குழந்தை, ஒரு டேப் ரெக்கார்டர். டைப்ரைட்டர் சத்தம் டேப்பில் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை வீறிட்டால் அது அமுங்க வேண்டுமே, அதற்காக.

கொரோனா காலத்தில் ஜூம் திரையில் முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரிப் படத்தை மாட்டிக்கொண்டு, நிஜத்தில் மடிக்காத துணிக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோமே, நம் எல்லோருக்கும் மூத்த அக்கா அந்த டேப் ரெக்கார்டர்காரர்தான். பெயர் ஸ்டீவ். ஆம்பளைப் பெயர்தான். அதற்கு ஒரு கதை இருக்கிறது, வருகிறேன்.

இந்த அம்மாள் மேல் எனக்கு இவ்வளவு கரிசனம் வந்ததற்குச் சுயநலக் காரணம் உண்டு. பத்து வருடத்துக்கு மேலாக சாஃப்ட்வேர் டீம் மேய்க்கிறேன். இப்போது என்னிடம் ஒன்பது பேர். ஒருவர் ராஜபாளையம், ஒருவர் கும்பகோணம், இருவர் நாகர்கோவில், மீதிப் பேர் சென்னையிலேயே இருந்தும் ஆபீஸ் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள். 2020இல் நான் இருந்த கம்பெனியில் (பெயர் வேண்டாம், சம்பளம் ஒழுங்காகப் போட்டவர்கள்) எல்லோருடைய லேப்டாப்பிலும் ஒரு வேவு மென்பொருளை இறக்கினார்கள். மவுஸ் ஐந்து நிமிடம் அசையாவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகும். யார் எத்தனை நிமிடம் மஞ்சள் என்று வாரக் கடைசியில் எனக்குப் பட்டியல் வரும். டீமிலேயே மந்தமான பையன் ஒருவன் தொடர்ந்து மூன்று வாரம் முழுப் பச்சை. பிறகுதான் தெரிந்தது, தலையாட்டும் டேபிள் ஃபேனில் மவுஸைக் கட்டிவிட்டுத் தூங்கியிருக்கிறான். அந்த மூன்று வாரமும் உழைப்பாளிகள் பட்டியலில் முதலிடம் பிடித்தது ஃபேன்.

அதே கம்பெனி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு, மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று ஒன்றரை மணி நேர வகுப்பு நடத்தும். வருகை கட்டாயம். கேமரா போட்டே ஆக வேண்டும். மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள். இழுத்து விட்டது சரியாக இருந்ததா என்று திங்கட்கிழமை காலை ஒரு படிவம் வரும்.

இந்தக் கோமாளித்தனத்துக்கெல்லாம் 58 வருடம் முன்பே ஒரு பெண் விடை எழுதி வைத்திருந்தார் என்று தெரிந்தபோது எனக்கு வந்தது வியப்பு இல்லை, எரிச்சல்.

ஆதியில் அவர் வேரா புக்தால். 1933இல் ஜெர்மனியின் டோர்ட்முண்டில் பிறந்தார். அப்பா நீதிபதி, யூதர். அந்த ஆண்டில் அந்த ஊரில் அந்தக் குடும்பத்தில் பிறப்பது நல்ல நேரம் பார்த்துச் செய்த காரியம் என்று சொல்ல முடியாது. குடும்பம் வியன்னாவுக்கு ஓடியது. ஹிட்லர் பின்னாலேயே வந்து சேர்ந்தார். 1939இல், ஐந்து வயதில், ஒன்பது வயது அக்காவோடு ரயிலேற்றி விட்டார்கள். கிண்டர்டிரான்ஸ்போர்ட் என்ற அந்த ஏற்பாட்டில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பிரிட்டனுக்குப் போய், முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் வளர்ந்தார்கள். இந்த இடத்தில் நக்கலுக்கு வேலை இல்லை. காப்பாற்றப்பட்ட உயிருக்கு ஓர் அர்த்தம் இருக்க வேண்டும் என்ற வெறி அந்த ரயிலில்தான் தொற்றியது என்று பிற்காலத்தில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

படித்த பெண்கள் பள்ளியில் அவர் கேட்ட கணக்குப் பாடம் கிடையாது. பக்கத்து ஆண்கள் பள்ளிக்குப் போய்ப் படித்தார். 18 வயதில் லண்டன் டாலிஸ் ஹில்லில் இருந்த தபால் துறை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. தபால் துறை என்றதும் ஸ்டாம்புப் பசையை ஆராய்ந்தார்கள் என்று நினைக்கக் கூடாது. போர்க்காலத்தில் ஜெர்மானிய ரகசியச் செய்திகளை உடைக்க உதவிய கொலோசஸ் இயந்திரத்தைக் கட்டிய டாமி ஃபிளவர்ஸ் இருந்த இடம் அது. அரசாங்கச் சேமிப்புப் பத்திரத்துக்குக் குலுக்கல் எடுக்கும் எர்னி இயந்திரமும் அங்கேதான் பிறந்தது. நம்மவரும் அதில் வேலை பார்த்தார். வேலை முடிந்து மாலை வகுப்பில் ஆறு வருடம் உட்கார்ந்து கணிதப் பட்டம் வாங்கினார். அங்கேயே டெரிக் ஷர்லி என்ற இயற்பியல்காரரைக் கண்டுபிடித்து 1959இல் கல்யாணமும் முடித்தார்.

பிறகு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு மாறினார். ஒரு கூட்டத்தில் வியாபாரப் பேச்சு நடக்கும்போது ஏதோ யோசனை சொல்லியிருக்கிறார். அது உன் சமாச்சாரம் இல்லை, நீ டெக்னிக்கல் என்று வாயை அடைத்துவிட்டார்கள். பெண் என்பதால் டெக்னிக்கலில் ஓரளவுக்கு மேல் ஏற முடியாது. டெக்னிக்கல் என்பதால் வேறு பக்கம் நகர முடியாது. கதவு இரண்டும் சாத்தியிருந்தால் என்ன செய்வது? ராஜினாமா செய்துவிட்டு, 1962இல் 6 பவுண்டு முதல் போட்டு வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சொந்தக் கம்பெனி தொடங்கினார்.

ஊர் சிரித்தது. சிரிக்கக் காரணம் இரண்டு. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வாங்கினால் மென்பொருள் இலவசம், நாம் குக்கர் வாங்கினால் கரண்டி கொடுக்கிற மாதிரி. கரண்டியை மட்டும் விற்க ஒரு கடையா என்று கேட்டார்கள். இரண்டாவது காரணம், கடை வைத்தது ஒரு பெண். வங்கிக் கணக்கு தொடங்கவே புருஷன் சம்மதம் கேட்ட தேசம் அது. அந்தத் தேசத்தை அப்போது ஆண்டுகொண்டிருந்ததும் ஒரு பெண்தான். ராணியின் பாஸ்புக்கில் புருஷன் பிலிப் கையெழுத்துப் போட்டாரா என்று கேட்க எந்த மேனேஜருக்கும் தைரியம் இருந்திருக்காது.

வேரா புக்தால் இதற்குள் ஸ்டெஃபனி ஷர்லி ஆகியிருந்தார். அந்தப் பெயரில் கையெழுத்திட்டு, வேலை ஏதும் உண்டா என்று கம்பெனி கம்பெனியாகக் கடிதம் எழுதினார். பதில் இல்லை. ஸ்டெஃபனியும் பெண் பெயர், ஷர்லியும் பெண் பெயர், உறையைப் பிரித்த கையோடு குப்பையில் போட வசதியாக இருந்தது. டெரிக்தான் யோசனை சொன்னார்: வீட்டில் கூப்பிடுகிற மாதிரி ஸ்டீவ் என்று போட்டுப் பாரேன். போட்டார். பதில் வந்தது. நேரில் வரச் சொன்னார்கள். உள்ளே நுழைந்து கை நீட்டிய பிறகுதான் அந்த ஸ்டீவ் ஓர் அம்மாள் என்று தெரியும். அதற்குள் நாற்காலி போட்டாயிற்று, டீ சொல்லியாயிற்று. எழுந்து போகச் சொல்வது மரியாதை இல்லை. வெள்ளைக்காரனுக்கு மரியாதை முக்கியம்.

நம்மூரில் ரங்கராஜன் மனைவி பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். அங்கே ஸ்டெஃபனி ஸ்டீவ் ஆனார். இரண்டு பேரும் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள். ஒரே ஒரு வித்தியாசம், சுஜாதா என்று போடாவிட்டாலும் ரங்கராஜன் கடிதத்துக்குப் பதில் வந்திருக்கும்.

ஆட்களுக்கு எங்கே போவது? அதுதான் இருப்பதிலேயே சுலபம். கல்யாணப் பத்திரிகை நீட்டியதும், அல்லது முதல் மசக்கை தெரிந்ததும், கம்ப்யூட்டர் வேலையை விட்டுப் போன பெண்கள் அன்றைய இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். பெரிய கம்பெனிகள் காசு செலவழித்துப் பயிற்சி கொடுத்து, பழக்கி, பக்குவப்படுத்தி, பூச்செண்டு கொடுத்து வழியனுப்பிவைத்த படை அது. ஸ்டீவ் அம்மாள் வாசலில் நின்று வாரிக்கொண்டார். முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள். மீதி மூன்று ஆண்கள் திருஷ்டிப் பொட்டு. நேர்முகத்தில் கேட்ட முக்கியமான கேள்வி: பேச போன் வசதி உண்டா? வீட்டில் வைஃபை எப்படி, கரண்ட் போனால் யூபிஎஸ் தாங்குமா என்று இன்று நாம் கேட்கிறோமே, அதற்குப் பாட்டி இந்தக் கேள்வி.

வேலை நடந்த அழகைக் கேளுங்கள். பென்சிலும் காகிதமும்தான் கருவி. முதலில் படம் போட வேண்டும்: இது நடந்தால் அங்கே போ, நடக்காவிட்டால் இங்கே வா என்று கட்டமும் அம்புக்குறியுமாக. அதைப் பார்த்து நிரல் எழுத வேண்டும், பெரும்பாலும் இயந்திரத்துக்கு மட்டும் புரியும் மொழியில். எழுதியதை உறையில் போட்டு, ஸ்டாம்பு ஒட்டி, தபாலில் அனுப்ப வேண்டும். தகவல் மையத்தில் அதைப் பார்த்து அட்டையிலோ காகித நாடாவிலோ ஓட்டை போடுவார்கள். போட்டது சரிதானா என்று பார்க்க அதே வேலையை மறுபடி ஒரு தடவை செய்வார்கள். அப்புறம்தான் அது கம்ப்யூட்டரின் முகத்திலேயே விழிக்கும். இன்று ஓர் எழுத்து விட்டுப்போனால் அடியில் சிவப்புக் கோடு உடனே நெளிகிறது. அன்று அந்த ஓர் எழுத்து ஊரெல்லாம் சுற்றிவிட்டு, சாவகாசமாக வீடு வந்து சேரும். அதனால் அந்தப் பெண்கள் எழுதுவதற்கு முன் யோசித்தார்கள். இந்தப் பழக்கம் எங்கள் துறையில் பின்னாளில் வெற்றிகரமாக ஒழிக்கப்பட்டது.

இப்படித் தபாலில் போய் வந்த வேலைகளில் ஒன்று கான்கார்டு. மணிக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்கப்போகும் விமானத்தின் கருப்புப் பெட்டிக்கான புரோகிராம், தபால்காரரின் நடை வேகத்தில் வளர்ந்தது. (கருப்புப் பெட்டி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். பெயருக்கும் உருவத்துக்கும் சம்பந்தமில்லாமல் இருப்பது இந்தக் கதையில் ஸ்டீவ் மட்டுமே என்று நினைத்துவிட வேண்டாம்.) அந்த வேலையை முன்னின்று செய்த ஆன் மொஃபாட், தன் வீட்டு மேஜையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு, பக்கத்தில் கைக்குழந்தையோடு இருக்கும் புகைப்படம் ஒன்று பிரபலம். பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து மார்தட்டிக்கொண்ட மகா திட்டம். அதன் ஒரு முனையில் இரண்டு அரசாங்கங்கள், மறுமுனையில் பால் புட்டி.

இத்தனை பேரிடம் எப்படி வேலை வாங்கினார் என்பதில்தான் எனக்கு அக்கறை. வாடிக்கையாளர் வழக்கமாகக் கேட்பது, எத்தனை ஆள், எத்தனை மணி நேரம், மணிக்கு என்ன விலை. அந்தக் கணக்குக்குள் போனால் வண்டவாளம் வெளியே வந்துவிடும்: எல்லோரும் பகுதிநேரம், அதிலும் குழந்தை தூங்கும் நேரம். ஆகவே மொத்தமாக ஒரு விலை சொன்னார். இந்த வேலை, இந்தத் தேதி, இவ்வளவு பவுண்டு. யார் எப்போது உட்கார்ந்து செய்தால் உனக்கு என்ன?

யோசித்துப் பார்த்தால் நம் வீடுகளில் இது பழகிய கணக்குதான். கல்யாணத்துக்குச் சமையல் காண்ட்ராக்ட் விடுகிறோம். எத்தனை மணிக்கு வெங்காயம் நறுக்கினீர்கள், நறுக்கும்போது எத்தனை முறை எழுந்து போய் வெற்றிலை போட்டீர்கள் என்று மாஸ்டரை யாரும் கேட்பதில்லை. முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்காரும்போது இலையில் சாம்பார் விழ வேண்டும். விழுந்தால் பாக்கிப் பணம். இதே மனுஷர்தான் திங்கட்கிழமை ஆபீஸில் உட்கார்ந்து அடுத்தவன் மவுஸ் அசைகிறதா என்று எட்டிப் பார்க்கிறார்.

மொத்த விலை சொல்வதில் ஒரு கத்தி தொங்கும். மணிக்கணக்கில் விற்றால் தாமதம் லாபம். மொத்த விலைக்கு விற்றால் தாமதம் கைநஷ்டம். ஆளைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. அப்படியென்றால் வேலையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் என்ன, எப்போது, முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வது என்று எழுதி வைத்தே ஆக வேண்டும். இந்த எழுத்தையும் அந்த அம்மாள் காசாக்கினார் என்பதுதான் வேடிக்கை. ஆரம்ப கால ஒப்பந்தங்களில் ஒன்று, மென்பொருள் வேலையைக் கட்டுக்குள் வைப்பதற்கான விதிமுறைகளை எழுதித் தருவது. எழுதிக் கொடுத்து, தாங்களும் அதையே கடைப்பிடித்து, அவ்வப்போது திருத்திக் கொடுத்து அதற்கும் பணம் வாங்கினார்கள். கடைசியில் அந்த விதிமுறைகளை நேட்டோ எடுத்துக்கொண்டது. சாப்பாட்டு மேஜையில் பிறந்த சட்டதிட்டத்தின்படி மேற்குலகத்தின் ராணுவக் கூட்டணி தன் மென்பொருளை எழுதியது.

தூர தேசத்தில் வேலை பார்த்தவன் எப்படி ரிப்போர்ட் கொடுக்க வேண்டும் என்பதற்கு நம் பக்கத்தில் அனுமன் இருக்கிறான். கடல் தாண்டிப் போனவனுக்கு ராமன் கேமரா மாட்டி அனுப்பவில்லை. நாழிகைக்கு ஒரு தகவல் சொல் என்று நச்சரிக்கவில்லை. அடையாளத்துக்கு ஒரு மோதிரம், அவ்வளவுதான் பாஸ்வேர்ட். திரும்பி வந்தவன் முதல் சொல்லிலேயே பார்த்துவிட்டேன் என்று முடித்தான். பதினைந்து நிமிடத்தில் முடிய வேண்டிய எங்கள் காலைக் கூட்டம் ஐம்பது நிமிடம் இழுப்பதற்குக் காரணம், ஒவ்வொருவரும் மகேந்திர மலையில் எந்தக் காலை முதலில் ஊன்றினேன் என்பதிலிருந்து ஆரம்பிப்பதுதான். ஊருக்குத் தீ வைத்த விஷயத்தை மட்டும் கடைசியில் சொல்வார்கள், அதுவும் கேட்டால்.

இதிலெல்லாம் ஊழியர் நலன் எங்கே வந்தது என்று எங்கள் மனிதவளத் துறை கேட்கும். ஸ்டீவ் அம்மாள் மூச்சுப் பயிற்சி வகுப்பு எடுக்கவில்லை. நேரத்தை அவரவர் கையில் கொடுத்தார். ஒரே வேலையை இரண்டு பேர் பிரித்துக்கொண்டு செய்யலாம் என்றார். லாபத்தில் பங்கு கொடுத்தார். பிள்ளை பெற்று நாலைந்து வருடம் வீட்டில் இருந்தவள் திரும்பி வந்தால், மூளை துருப்பிடித்திருக்குமே என்று முகம் சுளிக்காமல் நாற்காலி போட்டார். அதாவது, நாற்காலி அவள் வீட்டிலேயே இருந்தது, வேலையை அனுப்பினார்.

புகழ்ந்துகொண்டே போனால் கோயில் கட்ட வேண்டிவரும். மறுபக்கமும் உண்டு. ஃப்ரீலான்ஸ் என்றால் வேலை வந்தால் காசு, வராவிட்டால் இல்லை. 1970களின் தொடக்கத்தில் பொருளாதாரம் படுத்தபோது கம்பெனியும் கிட்டத்தட்டப் படுத்துவிட்டு எழுந்தது. இன்னொன்று எனக்கு நெருடுகிறது. தாய்மார்களுக்காகவே தொடங்கிய கம்பெனி, தாய்மார்கள் இருப்பது வெளியே தெரியாமல் இருக்க டேப் ஓட்டியது. பிழைப்புக்கு வேறு வழி இருந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தச் சடசட சத்தத்தை நினைக்கும்போது சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

ஏனென்றால் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் அழுத குழந்தை ஜைல்ஸ். 1963இல் பிறந்தவன். இரண்டரை வயது வாக்கில், பேச ஆரம்பித்திருந்த குழந்தை பேச்சை இழந்தான். கடுமையான ஆட்டிசம், வளர வளர வலிப்பும் சேர்ந்துகொண்டது. நூற்றுக்கணக்கான வீடுகளின் சௌகரியத்துக்கு வேலையை வளைத்துக் கொடுத்தவருக்குத் தன் வீட்டுக்கு வளைத்துக்கொள்ள மிச்சம் எதுவும் இருக்கவில்லை. 1970களின் நடுவில் அவரே உடைந்துபோய் மருத்துவமனையில் படுத்தார். மகனையும் ஒரு மருத்துவமனையில் விட வேண்டிவந்தது. பிறகு மீண்டு வந்து, மகனுக்காக ஒரு வீடு ஏற்பாடு செய்து, அதையே அவனைப் போன்ற மற்றவர்களுக்குமான அமைப்பாக வளர்த்தார். ஜைல்ஸ் 1998இல், 35 வயதில், வலிப்பு வந்து இறந்தான். சம்பாதித்த பணத்தில் பெரும்பகுதியை அம்மா ஆட்டிசத்துக்கே கொட்டினார்: பிரையர்ஸ் கோர்ட் என்ற பள்ளி, ஆட்டிஸ்டிகா என்ற ஆராய்ச்சி அமைப்பு.

எங்கள் கம்பெனி அனுப்பும் ஊழியர் நலப் படிவத்தில், உங்கள் மேனேஜர் உங்களை எப்போது கடைசியாக எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார் என்று ஒரு கேள்வி உண்டு. மேனேஜரை யார் கேட்டார்கள் என்ற கேள்வி எந்தப் பதிப்பிலும் வந்ததில்லை. சொல்லிவைத்தேன், அவ்வளவுதான்.

1975இல் பிரிட்டனில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. வேலையில் பெண்களுக்கு அநியாயம் நடக்கக் கூடாது என்று போட்ட சட்டம். போட்டதும் அதன் கண்ணில் பட்ட கம்பெனிகளில் ஒன்று, பெண்களுக்கென்றே வேலை கொடுத்துக்கொண்டிருந்த நம் கம்பெனி. இனி அப்படி ஒருதலைப்பட்சமாக நடக்கக் கூடாது, ஆண்களுக்கும் கதவைத் திற என்றது சட்டம். திறந்தார்கள். ஆண்கள் வந்தார்கள். மாமியார் கொடுமையைத் தடுக்க வந்த போலீஸ் மருமகளுக்கு அபராதம் போட்ட கதை.

இதற்கிடையே தொழில்துறைப் பெரிய மனிதர்கள் இந்தக் கம்பெனியைப் பார்த்துச் சொன்னதை அவரே ஒரு மேடையில் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். ஆரம்பத்தில், சின்னக் கம்பெனி என்பதால் சமாளிக்கிறார்கள் என்றார்கள். வளர்ந்ததும், பெரிதுதான், ஆனால் முக்கியமானது இல்லை என்றார்கள். கம்பெனியின் மதிப்பு 300 கோடி டாலரைத் தாண்டியதும், பலே ஸ்டீவ் என்றார்கள். முன்னேறத் துடிக்கும் பெண்ணை அவள் தலையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம், உச்சி தட்டையாக இருக்கும் என்று 2015இல் அந்த டெட் மேடையில் சொன்னதும் அவர்தான். ஆண்கள் பெரியமனசு பண்ணித் தட்டிக் கொடுத்துத் தட்டிக் கொடுத்து வந்த தட்டை. நம்மூரில் தட்டும்போது, “பொம்பளையா இருந்தாலும் பரவாயில்லையே” என்று ஒரு வசனமும் சேர்ந்து வரும்.

கம்பெனியில் கால் பங்கைத் தன் கைக்காசு இழப்பில் ஊழியர்களுக்கே கொடுத்தார். 1996இல் பங்குச் சந்தைக்கு வந்தது. ஊழியர்களில் 70 பேர் மில்லியன் பவுண்டுக்காரர்கள் ஆனார்கள். வெள்ளிக்கிழமை வகுப்பில் எங்களுக்கு ஒருமுறை குட்டித் தொட்டியில் ஒரு செடி அனுப்பினார்கள். ஒப்பிட வேண்டாம் என்றுதான் பார்க்கிறேன்.

ஸ்டீவ் அம்மாள் இதையெல்லாம் செய்து காட்டிய பிறகு உலகம் கற்றுக்கொண்டதா என்றால், திரும்பத் திரும்பப் புதிதாகக் கண்டுபிடித்தது. 1973இல் அமெரிக்காவில் ஜாக் நில்லிஸ் என்ற முன்னாள் ராக்கெட் என்ஜினீயர், ஆளை நகர்த்தாமல் வேலையை நகர்த்தினால் லாஸ் ஏஞ்சலீஸின் போக்குவரத்து நெரிசல் குறையுமே என்று யோசித்து அதற்கு டெலிகம்யூட்டிங் என்று பெயர் வைத்தார். ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வைத்துப் பார்த்தார், நன்றாகவே நடந்தது. ஆனால் நிர்வாகம் பயந்தது: ஆட்கள் சின்னச் சின்ன ஆபீஸாகப் பிரிந்து போனால் யூனியன்காரர்கள் சுலபமாக மடக்கிவிடுவார்கள். யூனியன்காரரிடம் கேட்டால் அவரும் பயந்தார்: ஆட்கள் சிதறிவிட்டால் எப்படி ஒன்று சேர்ப்பது? எலியும் பூனையும் ஒரே பாம்பைக் கண்டு ஒரே நேரத்தில் ஓடிய அபூர்வக் காட்சி. நில்லிஸ் தாத்தா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். 1979இல் ஐபிஎம் ஐந்து பேரை வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டுப் பார்த்தது. அது ஆயிரக்கணக்கில் பெருகி, பிறகு 2017இல் பலரை ஆபீஸுக்கே திரும்பக் கூப்பிட்டது. யாஹூ 2013லேயே கூப்பிட்டுவிட்டது. 2020இல் ஒரு கிருமி வந்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியது. இப்போது மறுபடி வா என்கிறார்கள். பரமபதத்தில் பாம்பும் ஏணியும் இவ்வளவு ஒழுங்காக மாறி மாறி வந்து நான் பார்த்ததில்லை.

கடைசியாக ஒரு கொசுறு. ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ், எஃப் இன்டர்நேஷனல் ஆகி, எஃப்.ஐ. குரூப் ஆகி, 2001இல் சான்ஸா என்ற பெயரில் வந்து நின்றது. தமிழ்க் காதில் அது கேள்வியாகத்தான் விழும். அதற்குள் அம்மாள் ஓய்வு பெற்றுவிட்டார். கம்பெனி இந்தியாவுக்கும் வந்தது: நொய்டா, புனே, நம் சென்னை. ஆபீஸுக்கே வர வேண்டாம் என்பதற்காகப் பிறந்த கம்பெனிக்கு, காலையில் வண்டி பிடித்து, சிக்னல் சிக்னலாக நின்று, ஆபீஸுக்குப் போன சென்னைவாசிகளும் இருந்தார்கள். 2007இல் ஸ்டீரியா என்ற பிரெஞ்சுக் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. ஸ்டீவ் ஷர்லி 2025 ஆகஸ்டில், 91 வயதில், காலமானார். செய்தி வந்த அன்று எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் அவருடைய படத்தைப் போட்டேன். யார் இந்தப் பாட்டி என்று ராஜபாளையத்துத் தம்பி கேட்டான். உன் பாட்டிதான் என்றேன். புரியாமல் ஒரு கைகூப்பும் படம் அனுப்பினான்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அமெரிக்க வாடிக்கையாளரோடு கூட்டம். எங்கள் கும்பகோணத்து அம்மணி, அடுத்த வெளியீட்டில் என்னென்ன வரப்போகிறது என்று கணீரென்று விளக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று பின்னாலிருந்து அவருடைய நாலு வயது மகளின் குரல், வீடே அதிரும்படி:

“அம்மா! முடிஞ்சிருச்சு!”

தமிழ் வீட்டில் வளர்ந்த யாருக்கும் அந்தக் குரல் எந்த அறையிலிருந்து வருகிறது என்று விளக்க வேண்டாம். அடுத்த வரியும் தாமதமில்லாமல் வந்தது: “வந்து கழுவி விடு!”

வாடிக்கையாளர் தாத்தா வயதுக்காரர். குழந்தைக் குரல் கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பாகி, பாப்பா என்ன சொல்கிறாள் என்று ஆசையாகக் கேட்டார். நாங்கள் மற்ற எல்லோரும் மியூட்டில் இருந்தும் மூச்சு விடவில்லை.

டெஸ்டிங் முடிந்துவிட்டதாம், கிளீனப்புக்கு என்னைக் கூப்பிடுகிறாள் என்று சொல்லிவிட்டு, அம்மணி எழுந்து போனார்.